ஜன்னல் பக்கக் கை

ஜனவரி 9

வணக்கம்.

நான் நலம். நீங்களும் அத்தையும் நலமா? போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது, இனி எதுவானாலும் கடிதம்தான் என்று பேசி வைத்தோம். நான் வீட்டைவிட்டு இந்த ஊருக்கு வந்ததிலிருந்து எழுதும்படி எதுவும் இருக்கவில்லை. இப்போது ஒரு காரியம் வந்திருக்கிறது.

லேசர் பயிற்சியில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. முடி நீக்குவது, முகத்தில் விழும் மங்குத் திட்டைக் குறைப்பது, மச்சத்தைத் தொடாமல் டாக்டரிடம் அனுப்பிவிடுவது எல்லாம் பழகியாயிற்று. கடைசிப் பாடம், பச்சை குத்தியதை எடுப்பது. சான்றிதழ் வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் தாங்களே ஓர் ஆளை அழைத்துவந்து, அவருடைய பச்சையை முதலிலிருந்து கடைசிவரை பயிற்சி கொடுக்கும் மேடத்தின் கண்ணெதிரே எடுத்துக் காட்டவேண்டும். அதிலும் ஒரு நிபந்தனை. “வெளுத்த தோல்ல யார் வேணாலும் பண்ணிடலாம். கருத்த தோல்ல பண்ணிக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்” என்கிறார் மேடம். பக்கத்து நாற்காலிக்காரி தன் கொழுந்தனாரைப் பிடித்துவிட்டாள். எனக்கு யாரும் அகப்படவில்லை. பிறகுதான் உங்கள் கை ஞாபகத்துக்கு வந்தது. ஜன்னல் பக்கக் கை.

சம்மதிப்பதற்கு முன்னால் என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்துகொள்வது நல்லது. தோலில் மேல்தோல், உள்தோல், அதற்கும் கீழே கொழுப்பு. மேல்தோல் ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிறது. மை அங்கே இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். ஊசி அதைத் தாண்டி உள்தோலில் மையை வைக்கிறது. அங்கே இருக்கும் காவல் செல்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஒன்று செத்தால் அடுத்தது எடுத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் பச்சை வருஷக்கணக்கில் நிற்கிறது. லேசர் வெளிச்சம் மேல்தோலைக் கடந்துபோய் மையைத் தூளாக உடைக்கும். தூளை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிவிடும்.

ஆபத்தும் உண்டு. மேல்தோலின் அடிவரிசையில்தான் நம் நிறமி இருக்கிறது. எது மை, எது நிறமி என்று வெளிச்சத்துக்குத் தெரியாது. வெயிலில் காய்ந்த தோலில் நிறமி கூடியிருக்கும், வெளிச்சம் அங்கேயே மாட்டிக்கொண்டு மேல்தோலைச் சுட்டுவிடும். நீங்களோ நாளெல்லாம் கையை லாரி ஜன்னலில் தொங்கவிட்டு ஓட்டுகிறவர். ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் ஒரு மாதமாவது முழுக்கைச் சட்டை போட்டாகவேண்டும், பொத்தானை அவிழ்க்காமல். போட்டிருந்தால் மட்டும் போட்டேன் என்று சொல்லவேண்டும்.

சம்மதம் என்றால் எழுதுங்கள். இல்லையென்றாலும் எழுதுங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
லேசர் பயிற்சி மாணவி


ஜனவரி 21

குருவிக்கு,

கடிதம் கிடைத்தது. வணக்கத்தில் ஆரம்பித்து நன்றியில் முடித்திருக்கிறாய். தண்ணீர்க் குழாய் இணைப்புக்கு மனு கொடுத்த மாதிரி இருந்தது. பத்து வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு ‘அன்புள்ள’ என்று ஒரு வார்த்தை போட்டால் பேனா முள் உடைந்துவிடுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மெஷின் மேல்தோலை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் காலி பண்ணும் என்கிறாய். சரியான தோலிருக்கச் சுளை விழுங்கி! சின்ன வயதில் அம்மா “தோலை உரிச்சிடுவேன்” என்று மிரட்டாத நாள் கிடையாது. அம்மா வாயோடு விட்டுவிட்டாள், நீ படித்துப் பட்டம் வாங்கி வந்து உரிக்கப்போகிறாய்.

அந்தக் குருவியின் கதை உனக்கு மறந்திருக்காது. கல்யாணமான புதிதில் பொருட்காட்சிக்குப் போனோம். நீ தட்டில் இருப்பதைக் கொறித்துக் கொறித்து எழுந்துவிடுவாய், அதனால் குருவி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். பச்சை குத்துகிறவனிடம் போய் முன்கையில் ஒரு குருவி போடுங்கள் என்றேன். அவன் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாக, குண்டாக ஒரு கோழி வந்து உட்கார்ந்தது. நீ அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தாய். இன்றைக்கும் டிப்போவில் என்னைக் ‘கோழி அண்ணன்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

எனக்குச் சம்மதம். முழுக்கைச் சட்டை இரண்டு தைக்கக் கொடுத்துவிட்டேன். கொடுத்தது நிஜம், ரசீது வேண்டுமானால் அனுப்புகிறேன். வண்டி இப்போது பட்டறையில் நிற்கிறது. இன்ஜின் இறக்கிவிட்டார்கள், ஒரு மாதம் ஆகுமாம். அதனால் வெயிலுக்கும் எனக்கும் இப்போதைக்கு உறவில்லை.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். பரீட்சைக்காகத்தான் என் கை வேண்டுமா? இல்லை, அந்தக் குருவி என் கையில் இருப்பதே உனக்குப் பிடிக்கவில்லையா?

அம்மாவுக்கு முட்டிவலி. மற்றபடி வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

இப்படிக்கு,
ஜன்னல் பக்கக் கைக்காரன்


மார்ச் 4

வணக்கம்.

நீங்கள் வந்துபோன பிறகு மேடம் உங்கள் கையின் படத்தை வகுப்பில் எல்லோருக்கும் காட்டினார். முதல் தடவைக்கு நன்றாக வந்திருக்கிறது என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம்.

அன்று உங்களிடம் விளக்க நேரமில்லை. உங்களுக்கும் கண்ணை மூடிக் கவசம் மாட்டிவிட்டதால் எதுவும் தெரிந்திருக்காது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் ‘சட்’ என்று சத்தம் வந்ததே, மை உடையும் சத்தம் அது. உடனே அந்த இடம் உப்புப் பூத்த மாதிரி வெளுக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். முடி கருகும் வாசனை வந்தது உங்கள் கை ரோமம்தான். ரப்பர் பேண்டால் அடித்தமாதிரி இருந்தது என்றீர்கள். எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள்.

களிம்பு போட்டு மூடி வையுங்கள். பக்கு கட்டினால் பிய்க்காதீர்கள். அரிக்கும். சொறியாதீர்கள். உங்களுக்குச் சொல்வது சுவருக்குச் சொல்வது மாதிரி என்று தெரியும், இருந்தாலும் சொல்லவேண்டியது என் கடமை.

பாடத்தில் ஒரு விஷயம் படித்தேன். வெளுத்தவர்களுக்கும் கருத்தவர்களுக்கும் நிறமி செய்யும் செல்கள் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். அவை நிறமியைச் சின்னப் பொட்டலமாகக் கட்டிப் பக்கத்துச் செல்களுக்குக் கொடுக்கின்றன. வாங்கிய செல் அதைத் தன் தலைக்கு மேல் குடைமாதிரி பிடித்துக்கொள்கிறது. உங்களுக்குப் பொட்டலம் பெரிது, எனக்குச் சிறிது. அவ்வளவுதான் வித்தியாசம். நம் கல்யாணப் பேச்சின்போது அத்தை “எங்க பையன் கொஞ்சம் நிறம் கம்மி, பின்னால குறை சொல்லக்கூடாது” என்றார்களே, அது தவறு. நிறம் உங்களிடம்தான் ஜாஸ்தி. அத்தையிடம் சொல்லுங்கள்.

சொல்லுங்கள் என்று எழுதிவிட்டேன். அத்தையிடம் எதையும் சொல்வது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது மறந்துவிட்டது. தனியாக வீடு பார்த்துப் போவதைப் பற்றிப் பேசிவிட்டேன், பேசிவிட்டேன் என்று ஒரு வருஷம் முழுக்கச் சொன்னீர்கள். கடைசியில் நானே அத்தையிடம் எப்போது போகட்டும் என்று கேட்டபோது, “எங்க போறீங்க? எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலையே” என்றார்கள். அன்றைக்குத்தான் பெட்டியைக் கட்டினேன். இதைச் சண்டைக்காக எழுதவில்லை. காரணம் எழுத்தில் இருக்கட்டும் என்பதற்காக எழுதினேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: பரீட்சைக்காகத்தான். குருவியைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லை.

அடுத்தது மே மாதம். தேதி பிறகு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
லேசர் பயிற்சி மாணவி


ஏப்ரல் 2

குருவிக்கு,

பக்கு உதிர்ந்துவிட்டது. பிய்க்கவில்லை, அதுவாகவே விழுந்தது. கோழியின் அலகு காணோம். கொண்டையும் பாதி போய்விட்டது. “என்ன அண்ணே, கோழிக்கு உடம்பு சரியில்லையா?” என்று டிப்போவில் விசாரிக்கிறார்கள். பட்டறையிலிருந்து வண்டி வந்துவிட்டது. சிமெண்ட் லோடு ஓடிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா கையில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டு என்னடா என்றாள். கம்பெனி டாக்டர் ஊசி போட்டார் என்று சொல்லிவைத்தேன். நீ பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. வேறு என்ன சொல்வது? உன்னைப் பார்க்கப் போனேன் என்றால் ஆயிரம் கேள்வி வரும். நீ வருகிறாயா, ஏன் வரவில்லை, உனக்குச் சாப்பாடு யார் போடுகிறார்கள் என்று.

உன் ரூமைப் பார்த்தேன். லேசருக்கு வந்த அன்று நீ சாவியை எடுக்க உள்ளே போனபோது வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். கட்டில், மேஜை, ஒரே ஒரு டம்ளர். டம்ளரைப் பார்த்ததும் எனக்கு என்னவோ மாதிரி ஆகிவிட்டது. இன்னொன்று வாங்கி வைத்துக்கொள். யாராவது வந்தால் தண்ணீர் கொடுக்க வேண்டாமா?

நீ எழுதிய காரணத்தைப் படித்தேன். அது சரிதான். வீட்டில் நாலு நாள் சத்தம் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதற்காகச் சொன்னது. நாலு நாள் நாற்பது நாளாகி, ஒரு வருஷம் ஓடிவிட்டது.

சட்டை தினமும் போடுகிறேன். கவலைப்படாதே.

இப்படிக்கு,
கொண்டை போன கோழி அண்ணன்


ஏப்ரல் 24

வணக்கம்.

மே 9, காலை பத்து மணி. மேடம் உடன் இருப்பார். சான்றிதழுக்கு இந்தத் தடவைதான் முக்கியம், மதிப்பெண் போடுவது இதற்குத்தான். இது சரியாக வந்தால் இந்த மையத்திலேயே வேலை கிடைக்கும் என்று பேச்சு அடிபடுகிறது. எனக்கு அந்த வேலை வேண்டும். யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் இருக்க எனக்கு வேறு வழி இல்லை.

வெயில் ஏறிவிட்டது. வண்டிக்குள் வேகும் என்று தெரியும். ஆனாலும் முழுக்கை. மணிக்கட்டுவரை.

டம்ளர் வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
லேசர் பயிற்சி மாணவி


மே 20

குருவிக்கு,

பயப்படாதே என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஒன்பதாம் தேதி லேசர் பட்ட இடத்தில் கொப்புளம் பெரிதாகத்தான் வந்தது. குருவியின் வயிறு இருந்த இடம் முழுக்க நீர் கோத்துக்கொண்டது. நீ சொன்னபடி உடைக்கவில்லை. நீ போகச்சொன்ன டாக்டரிடம் போனேன், மருந்து கொடுத்தார். இப்போது வற்றிவிட்டது. தோல் உரிந்த இடம் வெள்ளையாக இருக்கிறது. நீலக் கோழி போய் வெள்ளைக் கோழி வந்திருக்கிறது, றெக்கையும் வாலும் மட்டும் பழைய நீலம். டிப்போவில் “அண்ணே, இது நாட்டுக்கோழியா பிராய்லரா?” என்று கேட்டாகிவிட்டது. நானும் சிரித்துவிட்டேன். வலி இல்லை.

உனக்குச் சிக்கல் வந்துவிட்டது என்று பக்கத்து நாற்காலிக்காரி போனில் சொன்னாள். மருந்து விசாரிக்க மையத்துக்குப் போன் செய்தபோது அவள்தான் எடுத்தாள். மேடம் விசாரணை வைத்திருக்கிறார், மெஷினில் அளவைக் கூட்டி வைத்துவிட்டாய் என்று பேசிக்கொள்கிறார்கள், சான்றிதழ் நிற்கும்போல இருக்கிறது என்றாள்.

அதனால் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். மேடத்துக்கு நேற்று எழுதிப் போட்டேன். சட்டை போடவில்லை, வெயில் தாங்காமல் கையை ஜன்னலில் வைத்துத்தான் ஓட்டினேன், அவள் கேட்டபோது போட்டேன் என்று பொய் சொன்னேன், அவளுக்கு எதுவும் தெரியாது, தப்பு முழுக்க என்னுடையது என்று எழுதிவிட்டேன். படிக்கிறவர்களுக்கு உன்மேல் சந்தேகமே வராது. நன்றாகவே எழுதினேன்.

நீ கேட்டபோது ‘ஆச்சு’ என்று ஏன் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை. மேடம் நின்றுகொண்டிருந்தார், நீ கையுறை மாட்டித் தயாராக இருந்தாய். இல்லை என்றால் உன் முகம் வாடிவிடும். அது வாடுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மன்னித்துவிடு. எல்லாம் சரியாகிவிடும்.

இப்படிக்கு,
கோழி அண்ணன்


ஜூன் 3

வணக்கம்.

உங்கள் கடிதத்தை மேடம் என் முன்னால் வைத்தார். நானும் படித்தேன். நல்ல கடிதம். முக்கால்வாசி உண்மை. “அவளுக்கு எதுவும் தெரியாது” என்ற வரி மட்டும் உண்மையில்லை.

முழுக்கைச் சட்டை போட்டு ஒரு மாதம் வண்டி ஓட்டினால் மணிக்கட்டில் ஒரு கோடு விழும். கோட்டுக்கு இந்தப் பக்கம் புறங்கை கருத்திருக்கும், அந்தப் பக்கம் முன்கை தெளிந்திருக்கும். உங்கள் இன்னொரு கையில் கடிகார வார் இருக்கும் இடத்தில் எப்போதும் இருக்குமே, அந்த மாதிரிக் கோடு. அன்று நீங்கள் சட்டையை மடித்துவிட்டபோது நான் முதலில் பார்த்தது மணிக்கட்டைத்தான். கோடு இல்லை. விரலிலிருந்து முழங்கைவரை ஒரே நிறம்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் “சட்டை போட்டீங்களா?” என்று கேட்டேன். நீங்கள் “ஆச்சு” என்றீர்கள். நான் “சரி” என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெஷினை எடுத்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது. காயாத தோலுக்கு உண்டான அளவு.

இதை மேடத்திடம் சொல்லிவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. “பொய் சொல்றவங்க நாளைக்கும் வருவாங்க. அவங்க வாயைக் கேட்காதே, தோலைப் பார். பார்த்துட்டும் சுட்டியே, அதுக்குத்தான் நிறுத்தறேன்” என்றார். இந்தத் தடவை சான்றிதழ் இல்லை. வேலை பக்கத்து நாற்காலிக்காரிக்குப் போகிறது. அடுத்த குழுவோடு பச்சைப் பாடத்தை மட்டும் மறுபடி செய்யலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. அழுதேன். இதை உங்களுக்கு எழுதவேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

அதன்பிறகு நம் பழைய விஷயத்தையும் யோசித்துப் பார்த்தேன். அத்தையிடம் பேசிவிட்டேன் என்று நீங்கள் சொல்லிவந்த அந்த வருஷத்தில், நம் அறை ஜன்னலுக்குப் புதுத் திரைச்சீலை தைக்க அளவு எடுத்துக் கொடு என்று அத்தை என்னிடம் கேட்டார்கள். வீட்டைவிட்டுப் போகிற மருமகளிடம் யாராவது திரைச்சீலைக்கு அளவு கேட்பார்களா? எனக்கு அப்போதே தெரியும். அளவு எடுத்துக் கொடுத்தேன். நீங்கள் வந்ததும் “சொன்னீங்களா?” என்றேன். “ஆச்சு” என்றீர்கள். “சரி” என்றேன்.

நீங்கள் மட்டும் பொய் சொன்னதாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நம்பாமலே நம்பியதுபோல் இருந்தது நான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒருவர் போதாது, பக்கத்தில் இருப்பவரும் பார்க்காததுபோல் சாப்பிடவேண்டும்.

அதனால் இப்போது கேட்கிறேன். என்றைக்காவது தனியாக வந்து என்னோடு இருப்பீர்களா, மாட்டீர்களா? என் முகம் இங்கே இருக்கிறது, வாடினால் உங்களுக்குத் தெரியாது. யோசித்து எழுதுங்கள். ‘சரி’ என்றும் ‘பார்க்கலாம்’ என்றும் எழுதாதீர்கள்.

புதுக் குழுவிலும் உங்கள் கையையே தொடரலாம் என்று மேடம் சொல்லிவிட்டார். வெள்ளை விழுந்த இடத்தைத் தொடமாட்டோம், றெக்கையும் வாலும்தான். செப்டம்பர் 18. வருவதானால் இந்தத் தடவை கோட்டோடு வாருங்கள்.

இப்படிக்கு,
லேசர் பயிற்சி மாணவி


செப்டம்பர் 12

குருவிக்கு,

மூன்று மாதமாகப் பதில் எழுதாமல் இருந்தேன். பலமுறை எழுதிக் கிழித்துவிட்டேன். எழுதியதெல்லாம் உனக்குப் பிடிக்கிற மாதிரியே வந்துகொண்டிருந்தது.

முதலில் சின்ன விஷயம். பதினெட்டாம் தேதி நான் வரமாட்டேன். ஆகஸ்ட் முழுக்கச் சட்டை போட்டேன். மணிக்கட்டில் கோடு அழகாக விழுந்தது, பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். போன வாரம் வண்டியில் மின்விசிறி நின்றுவிட்டது. வெந்துபோய், கையை மடித்துவிட்டு ஜன்னலில் வைத்துவிட்டேன். இரண்டு நாள் அப்படியே ஓட்டினேன். கோடு மங்கிவிட்டது. நான் வராவிட்டால் உனக்கு இன்னும் தள்ளிப்போகும் என்று தெரியும். ஒருநாள் ராத்திரி முழுக்க, போய் நின்றுவிடலாமா, இரண்டு நாள்தானே என்று மனசு அரித்தது. வரவில்லை. சட்டை போடவில்லை. இந்தத் தடவை ஆகவில்லை.

இனி பெரிய விஷயம். அம்மாவிடம் பேசினேன். நிஜமாகவே பேசினேன். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, “அம்மா, நான் அவளோட தனியா போய் இருக்கட்டுமா?” என்று கேட்டேன். லாரி பிரேக் பிடிக்காதபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “போயேன்டா. நானா உன் காலைக் கட்டி வெச்சிருக்கேன்? கல்யாணமான வருஷமே போயிருக்கணும், எனக்கும் நிம்மதியா இருந்திருக்கும்” என்றாள். பிறகு தைலப் பாட்டிலை மூடச் சொன்னாள். இவ்வளவுதான். பதினோரு வருஷமாக நான் பயந்த பேச்சு அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. வாரக்கணக்கில் யோசித்தேன். அம்மா தடுக்கவே இல்லை, குருவி. போக இஷ்டமில்லாதது எனக்குத்தான். இந்த வீடு, இந்த மாடிப்படி, லோடு இறக்கிவிட்டு வந்ததும் அம்மா கத்தும் கத்தல், இதை விட்டு என்னால் வர முடியாது. உன்னோடு இருக்கவும் ஆசை. ஆனால் நீ இங்கே வரமாட்டாய், வரவும் கூடாது. நீ இப்போது நிற்கிற இடத்தில் உன்னைப் பார்த்துவிட்டேன். கையுறையும் கண்ணாடியுமாக, ஒருவரையும் ஏறிட்டுப் பார்க்காமல், வேலையிலேயே கண்ணாக. அந்த மாதிரி நீ எங்கள் வீட்டில் ஒருநாளும் நின்றதில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: மாட்டேன். வரமாட்டேன்.

இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அடுத்த மாதம் ஒரு தேதி கொடு. உன் பரீட்சையைக் கெடுத்தவன் நான், அதை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போவேன்.

இப்படிக்கு,
உன் லாரிக்காரன்


செப்டம்பர் 25

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். பிறகு குளித்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

நீங்கள் எனக்குச் சொன்ன பதில்களில் நான் அப்படியே நம்பிய முதல் பதில் இதுதான். வலிக்கிறது. ஆனால் நம்ப முடிகிறது. இரண்டும் சேர்ந்து வரும் என்று எனக்குத் தெரியாது.

விவாகரத்துக்கு வக்கீலிடம் நானே பேசிக்கொள்கிறேன். கூப்பிடும்போது நீங்கள் கையெழுத்துப் போட வந்தால் போதும். அத்தையிடம் நீங்களே சொல்லுங்கள். சொல்லிவிடுவீர்கள் என்று இப்போது தோன்றுகிறது.

அக்டோபர் 30, காலை பத்து மணி. தள்ளிப்போனதால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. நீங்கள் ஏன் வரவில்லை என்று மேடத்திடம் சொன்னேன். “பரவாயில்லையே, இப்படிச் சொல்றவங்க ரொம்பக் கம்மி” என்றார். மிச்சக் குருவியை எடுக்கவேண்டுமா, இருக்கட்டுமா என்று அன்றைக்கு உங்கள் வாயால் சொல்லுங்கள். இருக்கட்டும் என்றால் நான் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன். என் பரீட்சைக்காக என்று சொல்லாதீர்கள்.

ஜனவரியில் நீங்கள் கேட்டதற்கு, குருவியைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லை என்று எழுதியிருந்தேன். அது பொய். முதல் ஷாட்டில் அதன் அலகு வெள்ளையாகப் பூத்தபோது, போதும் என்று மெஷினைக் கீழே வைத்துவிடத் தோன்றியது. உங்களுக்குக் கண்கவசம் இருந்ததால் என் முகம் தெரியவில்லை. எனக்கு அந்தக் கோழியைப் பிடிக்கும்.

வெள்ளை விழுந்த இடத்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். அங்கே நிறமி செய்யும் செல்கள் அழிந்திருக்கலாம், அல்லது வேலையை நிறுத்தியிருக்கலாம். ஆனால் ரோமக்கால்களின் அடியில் கொஞ்சம் செல்கள் எப்போதும் மிச்சம் இருக்கும். அவை மெதுவாக மேலே ஏறிவரும். ஒவ்வொரு ரோமத்தைச் சுற்றியும் கடுகளவு கருப்புப் புள்ளி தோன்றும், பிறகு அது பரவும். ஒரு வருஷம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். சில இடத்தில் வராமலே போகலாம். நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், புள்ளி ஏதாவது தெரிகிறதா என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுங்கள்.

நிறமி இல்லாத தோலுக்குக் குடை இல்லை. வெயில் நேராக உள்ளே இறங்கிச் சுடும். அதனால் சிகிச்சை முடிந்தபிறகும், நான் கேட்காவிட்டாலும், வண்டியில் உட்காரும்போது முழுக்கைச் சட்டை போடுங்கள்.

போடாவிட்டால், போடவில்லை என்று எனக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
குருவி